பழைய கம்ப்யூட்டருக்கு எந்த லினக்ஸ்? அறிகுறியைப் பார்த்துத் தேர்ந்தெடுப்போம்

எங்கள் தெருவில் பழைய கம்ப்யூட்டர் கிடக்காத வீடு குறைவு. மூத்த பிள்ளை கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியிருப்பார்கள். பிள்ளை வேலைக்குப் போய்ப் புது லேப்டாப் வாங்கியதும் இது மூலைக்குப் போய்விடும், மேலே ஒரு துண்டு. விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்ற பிறகு என்னிடம் அதிகமாக வரும் கேள்வி: "இதுல போட எந்த லினக்ஸ் நல்லது?"

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் லினக்ஸ், அது மின்ட், லுபுண்டு என்று பல பெயர்களில் வருகிறது. நான் உடனே ஒரு பெயரைச் சொல்வதில்லை. அந்த மெஷின் எதற்குத் திணறுகிறது என்று தெரியாமல் பெயர் சொன்னால் இரண்டு வாரத்தில் "லினக்ஸ் சரியில்லை" என்று அதே துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். பல வீடுகளில் குற்றம் லினக்ஸுடையதாக இருப்பதில்லை. தேய்ந்த ஹார்ட் டிஸ்க், செத்துப்போன பேட்டரி, தவறாக எழுதிய பென் டிரைவ் என்று வேறெங்கோ இருக்கும். அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் மெஷின் எதைக் காட்டுகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

முதலில் மூன்று விவரங்கள்

ரேம் எவ்வளவு, ப்ராசஸர் 64-பிட்டா 32-பிட்டா, உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டியா. இந்த மூன்றும் தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிட்டது.

விண்டோஸ் இன்னும் ஓடுகிறது என்றால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ரேம் அளவு இருக்கும். ப்ராசஸர் விவரத்தைச் சிஸ்டம் பக்கத்தில் பாருங்கள். அங்கே ஒரு பொறி இருக்கிறது. "32-பிட் ஆபரேட்டிங் சிஸ்டம்" என்று எழுதியிருந்தால் ப்ராசஸரும் 32-பிட் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் 64-பிட் ப்ராசஸர் உள்ள ஏராளமான மெஷின்களில் 32-பிட் விண்டோஸ் 7-ஐத்தான் போட்டுக் கொடுத்தார்கள். விண்டோஸ் 8-க்குப் பிறகு வந்தவற்றில் அதே வரியில் "எக்ஸ்64-பேஸ்டு ப்ராசஸர்" என்று இருந்தால் கவலையில்லை, உங்களுடையது 64-பிட்.

தமிழ்நாடு அரசு 2011 முதல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப் வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. பலர் அதை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. லினக்ஸ் நம் வீட்டுக்கு வந்து பல வருடமாகிறது, நாம்தான் கவனிக்கவில்லை.

இனி தேர்வு. ரேம் 4 ஜிபி அல்லது அதற்கு மேல், ப்ராசஸர் 64-பிட் என்றால் யோசிக்கவே வேண்டாம், லினக்ஸ் மின்ட் போடுங்கள். அதில் மூன்று பதிப்புகள்: சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ. 8 ஜிபி இருந்தால் சினமன், 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ. விண்டோஸ் 7 பழகிய கைக்கு இடது மூலையில் மெனு, வலது மூலையில் நேரம் என்று எல்லாம் அதே இடத்தில் இருக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்பு உண்டு.

ரேம் 2 ஜிபிதான், ஆனால் 64-பிட் என்றால் லுபுண்டு அல்லது எம்எக்ஸ் லினக்ஸ். மின்ட் குறைந்தபட்சமாகக் கேட்பதும் 2 ஜிபிதான், போட்டால் ஏறவும் செய்யும். ஆனால் பிரவுசரைத் திறந்ததும் மூச்சு வாங்கும். லுபுண்டுவில் உள்ள எல்எக்ஸ்க்யூடி டெஸ்க்டாப் (மெனு, ஜன்னல் எல்லாம் சேர்ந்த திரை அமைப்பு) அதைவிட இலேசானது.

1 ஜிபி ரேம், அல்லது 32-பிட் ப்ராசஸர் என்றால் ஆன்டிஎக்ஸ். அதைக் கீழே தனியாகப் பேசுவோம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மெஷினை இலேசாக்குவது டிஸ்ட்ரோவின் (மின்ட், லுபுண்டு போன்ற லினக்ஸ் வகையின்) பெயர் அல்ல, அதன் டெஸ்க்டாப். அந்த டெஸ்க்டாப்பைவிடப் பெரிய சுமை பிரவுசர். எந்த லினக்ஸைப் போட்டாலும் நாலைந்து தளங்களைத் திறந்த பயர்பாக்ஸ் ஒரு ஜிபிக்கு மேல் கேட்கும். மின்ட் சினமனுக்குப் பதில் லுபுண்டு போட்டு நீங்கள் மிச்சப்படுத்துவது சில நூறு எம்பி. 2 ஜிபி மெஷினில் அந்தச் சில நூறு எம்பி உயிர். 8 ஜிபி மெஷினில் அதற்காக வசதியை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

நிறுவும் முன் இரண்டு வேலை பாக்கி. கல்யாண போட்டோ, சான்றிதழ் ஸ்கேன், கணக்கு எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். எடுத்ததை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பாருங்கள். அடுத்து, பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பாருங்கள். மின்ட், லுபுண்டு, எம்எக்ஸ் எல்லாமே ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் இப்படி ஓடும். வைஃபை, சத்தம், பிரிண்டர், திரை வெளிச்சம் எல்லாவற்றையும் அங்கேயே சோதித்துவிடலாம். கீழே வரும் அறிகுறிகளில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

"பென் டிரைவைப் போட்டேன், திரும்பவும் விண்டோஸே வருது"

மிகச் சாதாரணமான காரணம்: பதிவிறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை (லினக்ஸ் முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு) அப்படியே பென் டிரைவில் காப்பி செய்திருப்பீர்கள். அது போதாது. ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் போன்ற மென்பொருள் ஒன்றைக் கொண்டு எழுத வேண்டும். எழுதும்போது பென் டிரைவில் இருந்தது எல்லாம் அழிந்துவிடும். பழைய மெஷினுக்கு ரூஃபஸில் பார்ட்டிஷன் முறையாக எம்பிஆர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஜிபிடி என்று விட்டால் பழைய பயாஸ் (மெஷினைத் தொடங்கி வைக்கும் உள் மென்பொருள்) அதைக் கண்டுகொள்ளாது.

சரியாக எழுதியும் வரவில்லையா? ஸ்டார்ட் ஆகும்போது பூட் மெனு (எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டெல், லெனோவோவில் எஃப்12. எச்பியில் எஸ்கேப் அல்லது எஃப்9. ஏசரில் எஃப்12தான், ஆனால் பல ஏசர் லேப்டாப்புகளில் முதலில் பயாஸுக்குள் போய் அந்த மெனுவை இயக்கி வைக்க வேண்டும். ஆசஸ் லேப்டாப்பில் எஸ்கேப், ஆசஸ் மதர்போர்டு உள்ள டெஸ்க்டாப்பில் எஃப்8. விண்டோஸை ஷட் டவுன் செய்து திறப்பதைவிட ரீஸ்டார்ட் கொடுத்து விசையைத் தட்டுவது நல்லது. விண்டோஸ் 8-க்குப் பிறகு ஷட் டவுன் என்பது பெரும்பாலும் அரைத் தூக்கம்தான்.

டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் என்றால் முன்பக்கத் துளையை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில், மதர்போர்டிலேயே இருக்கும் யூஎஸ்பி துளையில் செருகுங்கள். நீல நிறத் துளை இருந்தால் அதைத் தவிர்த்துக் கறுப்பில் போடுங்கள். இத்தனைக்கும் பிறகு வரவில்லை, டிவிடி டிரைவ் வேலை செய்கிறது என்றால் டிவிடியில் எழுதிப் பாருங்கள். மின்ட் இன்னும் ஒரு டிவிடிக்குள் அடங்குகிறது.

மெனு வந்து, பாதியில் பிழை காட்டி நின்றால் பதிவிறக்கம் கெட்டிருக்கலாம். இடையில் இணையம் அறுந்து மீண்டும் தொடர்ந்த பதிவிறக்கங்களில் இது நடக்கும். மின்ட் பூட் மெனுவில் பென் டிரைவைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. அதை ஓடவிட்டு, பிழை வந்தால் மீண்டும் பதிவிறக்குங்கள். வேறு காரணங்களைத் தேடி ஒரு நாளை வீணாக்க வேண்டாம்.

"எக்ஸ்86-64 சிபியு வேண்டும், ஐ686தான் இருக்கு என்று சொல்லி நிக்குது"

உங்கள் ப்ராசஸர் 32-பிட். இதைச் சரிசெய்ய வழி கிடையாது. வேறு டிஸ்ட்ரோதான் எடுக்க வேண்டும்.

2008 வாக்கில் வந்த சின்ன நெட்புக்குகளில் இருந்த ஆட்டம் என்270 இந்த வகை. ஆரம்பகாலப் பென்டியம் 4-களும் அப்படியே. பெயரில் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு: 2006-இல் வந்த கோர் டூயோ 32-பிட், அதே ஆண்டு வந்த கோர் 2 டூயோ 64-பிட். நடுவில் ஒரு "2"தான் வித்தியாசம். ஸ்டிக்கரை நன்றாகப் படியுங்கள்.

32-பிட் மெஷின்களுக்குக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. மின்ட்டுக்கும் லுபுண்டுவுக்கும் அடித்தளமான உபுண்டு 2017-இல் 17.10 பதிப்போடு 32-பிட் டெஸ்க்டாப் நிறுவியை நிறுத்தியது. மின்ட் 20-ஆம் பதிப்பிலிருந்து 64-பிட் மட்டுமே. பல லினக்ஸ்களுக்கு அடித்தளமான டெபியனிலும், 2025 ஆகஸ்ட் 9-இல் வந்த டெபியன் 13-இல் 32-பிட் பிசிக்கான நிறுவி இல்லை. மிஞ்சியிருப்பவற்றில் பல டெபியன் 12-ஐ அடித்தளமாகக் கொண்டவை: ஆன்டிஎக்ஸ் 23, எம்எக்ஸ் 23-இன் 32-பிட் பதிப்பு, பப்பி லினக்ஸ் குடும்பத்தின் புக்வார்ம்பப்32. டெபியன் 12-க்கான நீண்டகாலப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 ஜூன் வரை வரும். பயர்பாக்ஸும் 145-ஆம் பதிப்பிலிருந்து 32-பிட் லினக்ஸைக் கைவிட்டுவிட்டது.

ஆகவே அந்த மெஷினில் வங்கிக் கணக்கு பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். யூடியூபும் வேண்டாம். லிப்ரே ஆபீஸில் கடிதம் தட்டச்சு செய்ய, சேமித்து வைத்த பாட்டுகளைக் கேட்க, சின்னப் பிள்ளைகள் தட்டச்சும் படம் வரைவதும் பழக என்றால் ஆன்டிஎக்ஸ் அருமையாக ஓடும். திறந்தவுடன் அது எடுத்துக்கொள்ளும் ரேம் சுமார் 200 எம்பிதான். அதன் தோற்றம் முதல் நாள் கொஞ்சம் அந்நியமாக இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

"மெனு வருது, அப்புறம் திரை கருப்பு"

பெரும்பாலும் கிராபிக்ஸ் தகராறு. மின்ட் மெனுவில் "கம்பாட்டிபிலிட்டி மோட்", உபுண்டு வகைகளில் "சேஃப் கிராபிக்ஸ்" என்று ஒரு தேர்வு இருக்கும். அதை எடுத்தால் திரை வந்துவிடும். அதில் நிறுவி முடித்த பிறகு முதல் ஸ்டார்ட்டில் மறுபடியும் கருப்பானால் பயப்பட வேண்டாம். ஸ்டார்ட் ஆகும்போது ஷிப்டைப் பிடித்துக்கொண்டால் மெனு வரும், பயாஸுக்குப் பதில் யூஈஎஃப்ஐ உள்ள புதிய மெஷின் என்றால் எஸ்கேப். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் ரெகவரி மோட், அதற்குள் ரெஸ்யூம். டெஸ்க்டாப் வந்ததும் டிரைவர் மேனேஜரைத் திறந்து அது சொல்லும் டிரைவரைப் போடுங்கள்.

ஜிஃபோர்ஸ் 8, 9 வரிசைக்கும் அதற்கு முந்தைய என்விடியா கார்டுகளுக்கும் நிறுவனம் டிரைவர் தருவதை எப்போதோ நிறுத்திவிட்டது. அப்படிப்பட்ட கார்டு தொல்லை கொடுத்தால், மதர்போர்டிலேயே திரைக்கான இணைப்பு இருக்கிறதா பாருங்கள். கார்டைக் கழற்றிவிட்டு அதில் இணைத்தால் பல நேரம் எல்லாம் அமைதியாகிவிடும். வீட்டு வேலைக்கு அது போதும்.

"வைஃபையே காட்டல"

பழைய லேப்டாப்புகளில் பிராட்காம் வைஃபை சிப் இருந்தால் இது நடக்கும். அதன் டிரைவர் சுதந்திர மென்பொருள் அல்ல, அதனால் தானாக வந்து சேராது. டிரைவரைப் பதிவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும். இங்கேதான் பலர் கைவிடுகிறார்கள்.

கையில் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறதே, அது போதும். சார்ஜர் கேபிளால் போனையும் லேப்டாப்பையும் இணைத்து, போனின் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் அதை ஒரு வயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும், எந்த டிரைவரும் கேட்காது. சார்ஜுக்கு மட்டுமான மலிவு கேபிளில் இது நடக்காது, டேட்டா போகும் கேபிளாக இருக்கட்டும். இணையம் வந்ததும் டிரைவர் மேனேஜரைத் திறந்து பிராட்காம் டிரைவரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அதற்கும் முன்னால் லேப்டாப்பின் ஓரத்தில் வைஃபைக்கென்று சின்னத் தள்ளு சுவிட்ச் ஏதும் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஒரு ஆசிரியர் வீட்டில் முக்கால் மணி நேரம் டிரைவர் தேடிய பிறகு அந்தச் சுவிட்சைக் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

"போட்டாச்சு, ஆனா ரொம்ப ஸ்லோ"

இதுதான் எல்லோரும் சொல்வது. இங்கேதான் பொறுமை வேண்டும். மெதுவாக இருப்பதில் வகைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

நிறுவிய முதல் ஒரு மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பின்னணியில் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும். அது முடிந்து ஒருமுறை ரீஸ்டார்ட் செய்த பிறகு வழக்கம்போல வேலை பாருங்கள். மெதுவாகும்போது சிஸ்டம் மானிட்டரைத் திறந்து மூன்றைப் பாருங்கள்: சிபியு, மெமரி, ஸ்வாப். கூடவே கேபினட்டில் ஹார்ட் டிஸ்க் விளக்கைக் கவனியுங்கள்.

மெமரி நிறைந்து, ஸ்வாப் ஏறிக்கொண்டே போகிறது, விளக்கு விடாமல் எரிகிறது என்றால் ரேம் பற்றவில்லை. ரேமில் இடமில்லாததை லினக்ஸ் டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கிறது, பிறகு தேடி எடுக்கிறது. இன்னொரு ரேம் கம்பு போட முடிந்தால் போடுங்கள். டிடிஆர்3 வகை ரேம் என்றால் பழையது எளிதாகக் கிடைக்கும். டிடிஆர்2 என்றால் பழுது பார்க்கும் கடைகளில் கழற்றி வைத்தது இருக்கும், கேட்டுப் பாருங்கள். உங்கள் மதர்போர்டு அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பழைய நெட்புக்குகள் சில 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. ரேம் கூட்ட வழியே இல்லை என்றால் லினக்ஸுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள் கடையில் இசட்-ரேம் என்று தேடி நிறுவுங்கள். டிஸ்க்குக்குப் போக வேண்டியதைச் சுருக்கி ரேமிலேயே வைத்துக்கொள்ளும். 2 ஜிபி மெஷினில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். சுருக்குவதற்குக் கொஞ்சம் சிபியு செலவாகும், பரவாயில்லை.

ஸ்வாப் காலியாக இருக்கிறது, சிபியுவும் சும்மா இருக்கிறது, விளக்கு மட்டும் விடாமல் எரிகிறது என்றால் டிஸ்க்தான் மெதுவு. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஊசி போய் ஓரிடத்தைத் தேடி எடுக்கச் சுமார் 10 மில்லி விநாடி ஆகும். வினாடிக்கு நூறு தேடல் என்று வையுங்கள். பயர்பாக்ஸைத் திறப்பது என்றால் சின்னச் சின்னதாக ஆயிரக்கணக்கான துண்டுகளைப் படிக்க வேண்டும். எஸ்எஸ்டியில் சுழலும் தட்டே இல்லை, வினாடிக்கு ஆயிரக்கணக்கில் எடுத்துத் தரும். கோர் 2 டூயோ காலத்து மெஷினிலும் சாதாரண 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி அப்படியே பொருந்தும். அந்தக் காலத்து இணைப்பு வினாடிக்கு 300 எம்பியோடு நின்றுவிடும், ஆனாலும் தேடும் நேரம்தான் இங்கே முக்கியம். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், 4 ஜிபி ரேம் உள்ள மெஷினில் எஸ்எஸ்டிக்குச் செலவழியுங்கள். டிஸ்ட்ரோவை நாலு தடவை மாற்றிப் பார்த்தாலும் வராத வேகம் ஒரே ஒரு எஸ்எஸ்டியில் வந்துவிடும். இதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன்.

பழைய டிஸ்க்கையே தொடர்வதானால் அதன் உடல்நிலையைப் பாருங்கள். மின்ட்டில் டிஸ்க்ஸ் என்ற செயலி இருக்கிறது. அதில் ஸ்மார்ட் விவரத்தைத் திறந்து ரீஅலொகேட்டட் செக்டார், பெண்டிங் செக்டார் வரிகளைப் படியுங்கள், டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்களை அவை சொல்லும். எண் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்பி எதையும் வைக்காதீர்கள்.

மூன்றாவது வகை: சிபியு 100-இல் நிற்கிறது. எது தின்கிறது என்று அதே பட்டியலில் தெரியும். பெரும்பாலும் பிரவுசர். பயர்பாக்ஸில் விளம்பரத்தைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் நீட்சியைச் சேருங்கள். விளம்பரம் போனால் பக்கத்தின் பாரம் வெகுவாகக் குறையும். உபுண்டு வகைகளில் பயர்பாக்ஸ் ஸ்னாப் என்ற பொதியாக வரும், ஹார்ட் டிஸ்க் மெஷினில் அது முதல் தடவை திறக்க நேரம் எடுக்கும். மின்ட்டில் அந்தத் தொல்லை இல்லை. தொடக்கநிலையாளருக்கு மின்ட்டைச் சொல்ல எனக்கு இதுவும் ஒரு காரணம்.

"யூடியூப் மட்டும் திக்குது"

மற்ற எல்லாம் நன்றாக ஓடி இது மட்டும் திக்கினால் கிராபிக்ஸ் சிப்பின் வயதுதான் காரணம். யூடியூப் இன்று விபி9, ஏவி1 வடிவங்களில் படத்தை அனுப்புகிறது. பழைய சிப்களுக்கு அந்த வடிவங்கள் தெரியாது, அதனால் முழுச் சுமையும் ப்ராசஸர் தலையில். எச்264இஃபை என்ற நீட்சியை பயர்பாக்ஸில் சேர்த்தால் பழைய எச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும். அதோடு 480பி-யில் வைத்துப் பாருங்கள். 19 அங்குலத் திரையில் அது குறையாகத் தெரியாது.

"எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லைன்னு வருது"

தேதியைப் பாருங்கள். 2009 என்றோ 2012 என்றோ காட்டினால் மதர்போர்டில் இருக்கும் வட்டப் பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரியும், மென்பொருள் புதுப்பிப்பும் பிழை காட்டி நிற்கும். மின் இணைப்பைக் கழற்றிவிட்டுப் பேட்டரியை மாற்றி, பயாஸில் தேதியைச் சரிசெய்யுங்கள். லினக்ஸை மறுபடியும் நிறுவத் தேவையே இல்லை.

விண்டோஸையும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வகை: லினக்ஸில் நேரம் சரி, விண்டோஸில் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். மாலை 3:30 என்றால் காலை 10:00 காட்டும். மெஷின் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. எதுவும் கெட்டுப்போகவில்லை. விண்டோஸில் நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதியை இயக்கி வைத்தால் இணையம் வந்ததும் திருத்திக்கொள்ளும்.

"தமிழ் கட்டம் கட்டமா தெரியுது"

எழுத்துரு இல்லை. மென்பொருள் கடையில் லோஹித் தமிழ் அல்லது நோட்டோ என்று தேடி நிறுவினால் முடிந்தது. கட்டம் இல்லாமல் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து கன்னாபின்னாவென்று தெரிந்தால் அந்தக் கோப்பு யூனிகோடுக்கு முந்தையது, பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்தது. அந்த எழுத்துருக் கோப்பைப் பழைய விண்டோஸிலிருந்து எடுத்து, அதன் மேல் இருமுறை சொடுக்கி நிறுவுங்கள். பழைய அழைப்பிதழ், விண்ணப்பம் எல்லாம் திரும்பத் தெரியும். இதற்காகவே விண்டோஸை அழிக்கும் முன் எழுத்துருக் கோப்புறையையும் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

தட்டச்சுக்கு மின்ட்டில் இன்புட் மெத்தட் என்ற அமைப்பு இருக்கிறது. அதில் தமிழைத் தேர்ந்தெடுத்து ஐபஸும் எம்17என் பொதியும் நிறுவினால் தமிழ்99, ஒலியியல் முறை, பழைய தட்டச்சு முறை, இலங்கையில் பழகிய ரெங்கநாதன் முறை எல்லாம் கிடைக்கும். வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும், அதுவரை வேலை செய்யாது.

"பிரிண்டர் வரல"

எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் செருகியதும் வரும். லேசர்ஜெட் 1020 மாதிரியான சிலவற்றுக்கு எச்பியின் கூடுதல் பிளகின் ஒன்றைப் பதிவிறக்க வேண்டும், எச்பி பிரிண்டர்களுக்கான எச்பிலிப் கருவி அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். நம் ஊர்க் கடைகளிலும் வீடுகளிலும் நிறைய இருக்கும் கேனான் எல்பிபி 2900-க்கு அதன் டிரைவரைத் தனியாகத் தேடி நிறுவ வேண்டும். புதிதாக வருகிறவருக்கு அது கடினம். தினமும் அந்தப் பிரிண்டரில்தான் வேலை, அல்லது டேலியில்தான் கணக்கு என்றால் அந்த ஒரு மெஷினில் விண்டோஸை எடுக்க வேண்டாம். இணையம் இல்லாமல் அந்த வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வேறொரு மெஷினில் லினக்ஸைப் போடுங்கள்.

"கரண்ட் போய் வந்தப்புறம் கருப்புத் திரையில ஏதோ எழுத்து, உள்ள போகல"

யூபிஎஸ் இல்லாத வீடுகளில் அடிக்கடி நடப்பது. அந்தத் திரையில் இனிட்ராம்எஃப்எஸ் என்று இருந்தால், எழுதிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனதில் கோப்பமைப்பு குழம்பியிருக்கிறது. நீங்கள் நிறுவிய அதே பென் டிரைவைப் போட்டுத் திறங்கள். டிஸ்க்ஸ் செயலியில் லினக்ஸ் இருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுத்து, பல்சக்கரக் குறிக்குள் ரிப்பேர் ஃபைல்சிஸ்டம் கொடுங்கள். பெரும்பாலும் மீண்டுவிடும். அந்தப் பென் டிரைவை அழித்துப் பாட்டு ஏற்றிவிடாதீர்கள், கேபினட்டோடு கட்டி வையுங்கள். இதே கோளாறு மின்வெட்டே இல்லாமல் மாதம் ஒருமுறை வந்தால் டிஸ்க் போய்க்கொண்டிருக்கிறது.

"இருபது நிமிஷம் ஓடும், அப்புறம் தானா ஆஃப் ஆகுது"

சூடு. மூடியைத் திறந்து ப்ராசஸர் விசிறிக்குக் கீழே உள்ள தகடுகளைப் பாருங்கள், தூசி மெத்தை விரித்திருக்கும். மெல்லிய பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வையுங்கள்.

ஆஃப் ஆகாமல் கண்டபடி உறைந்து நின்றால் ரேமைச் சந்தேகப்படுங்கள். கழற்றி, தங்க நிற விளிம்பைப் பென்சில் அழிரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகளை ஊதிவிட்டு, க்ளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்திப் போடுங்கள். கடைக்காரர்கள் முதலில் செய்வது இதைத்தான். பிறகும் உறைந்தால் லினக்ஸ் பென் டிரைவின் தொடக்க மெனுவில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஓர் இரவு ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் அந்தக் கம்பு உதவாது.

"எல்லாம் ஓடுது, ஆனா அப்பாவுக்குப் பழகல"

இதையும் கோளாறாகவே எடுத்துக்கொண்டு சரிசெய்ய வேண்டும். டெஸ்க்டாப்பில் நாலே ஐகான் போதும்: பிரவுசர், போட்டோ, பாட்டு, கடிதம். பெயர்களைத் தமிழில் மாற்றி வையுங்கள். எழுத்தின் அளவை ஒரு படி கூட்டுங்கள். திரை மொழியையே தமிழாக்கவும் மின்ட்டில் வழி உண்டு, ஆனால் நாம் போனில் வழி சொல்லும்போது மெனுப் பெயர்கள் மாறிக் குழப்பும், அதனால் அவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

அப்டேட் மேனேஜரின் ஆட்டோமேஷன் பக்கத்தில் தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கி விடுங்கள். டைம்ஷிஃப்ட்டில் வாரம் ஒரு பிரதி எடுக்கச் சொல்லுங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம், டிஸ்க் நிறைந்துவிடும். ஏதாவது கெட்டால் முந்தைய நிலைக்குத் திரும்ப அது உதவும். அவருடைய போட்டோக்கள் அந்தப் பிரதியில் சேராது, அவற்றுக்கு வெளி டிஸ்க்தான். முதல் மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார்ந்து, மவுஸை நீங்கள் தொடாமல், அவர் கையாலேயே நடத்திப் பாருங்கள். எந்த இடத்தில் தயங்குகிறார் என்று குறித்துக்கொண்டு, அந்த இடத்துக்கு ஒரு ஐகான் போட்டுக் கொடுங்கள்.